வசனம் மட்டும் படித்த வருடம்

என்ன நாடகம் பார்க்கலாம் என்று என்னைக் கேட்டுவிட்டு டிக்கெட் வாங்குகிறவர்கள் திருச்சியில் இருநூறு பேராவது இருப்பார்கள். நான் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறவள். நாடகத்துக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம், பார்ப்பேன் என்பது மட்டும்தான். பத்து வருடங்களுக்கு முன் ஒரு புது நாடகத்தைப் பார்த்துவிட்டு வந்து, ஸ்ரீரங்கத்தில் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் அவசியம் போங்கள் என்று நாலு வரி எழுதினேன். போனவர்கள் நன்றி சொன்னார்கள். போகாதவர்கள் அடுத்தது எப்போது என்று கேட்டார்கள். அது தனிக் குழுவாகி, மாதாமாதம் எழுதுவது வழக்கமாகிவிட்டது.

நாடகம் எதைப் பற்றி என்று கேட்கிறவர்கள் குறைவு. "சிரிப்பா இருக்குமா மேடம்?", "வண்டி நிறுத்த எடம் இருக்கா?" இவைதான் அதிகம் வரும். புது நாடகம் என்றாலே எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கொஞ்சம் பயம். பழைய நாடகத்தில் எங்கே கைதட்ட வேண்டும் என்று தெரியும். இப்போது எழுதுகிறவர்கள் ரயில்வேயில் வேலை பார்க்கிறவர், பேங்க் கிளார்க், கல்லூரி முடித்த பெண் என்று யார் யாரோ. என்ன செய்வார்கள் என்று சொல்ல முடியாது. அந்தப் பயத்தைப் போக்குகிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் தலைக்கனமும் கூடவே வந்தது, மறைப்பதற்கில்லை.

அதைப் பார்த்துத்தான் நாடக மன்றத்தில் என்னைக் கூப்பிட்டார்கள். மன்றம் ஒவ்வொரு மார்கழியிலும் புதிதாக எழுதுகிற ஒருவருடைய நாடகத்தை நானூறு பேர் உட்காரும் அரங்கத்தில் போடும். எழுதுகிறவருக்கு அது பெரிய விஷயம். எதைப் போடலாம் என்று பரிந்துரைக்க மூன்று பேர். மன்றத்தின் செயலாளர்; அவர் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் ஒருவர். அப்புறம் நான். ஆவணி மாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெராக்ஸ் கடை மாடியில் உட்கார்ந்து பிரதிகளைப் படிப்போம். படிப்போம் என்றால் நான் உரக்கப் படிப்பேன், அவர்கள் கேட்பார்கள். பேராசிரியருக்குக் கண்ணில் புரை. செயலாளருக்குப் பொறுமை இல்லை. எனக்கோ முப்பது வருடம் வகுப்பில் கத்திப் பழகிய தொண்டை.

முதல் வருடம் வந்த பிரதி ஒன்றில் மேடைக் குறிப்புகளே மூன்று பக்கம் இருந்தன. வலது மூலையில் நீல ஒளி, தூரத்தில் வயலின், நிலவு நாணி மேகத்துக்குள் மறைகிறது, இப்படி. "நிலாவ யாரு டீச்சர் நாண வைக்கிறது? லைட் போடுறவரா?" என்று செயலாளர் கேட்டார். அன்றைக்கே நான் ஒரு விதி போட்டேன். மேடைக் குறிப்புகளைப் படிக்க வேண்டாம், வசனம் மட்டும் போதும், நல்ல நாடகம் என்றால் வசனத்திலேயே தெரிந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஒரு நாடகம் முடிகிற இடத்தில் மூன்று முடிந்தன. ஆறு வருடம் அப்படித்தான் தேர்ந்தெடுத்தோம். ஒரு குறையும் வந்ததில்லை. வந்திருந்தாலும் எங்களுக்குத் தெரிந்திருக்காது.

ஏழாவது வருடம் தொட்டியத்திலிருந்து ஒரு பிரதி வந்தது. எழுதியவர் அங்கே அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற பெண், வாழை போடுகிற குடும்பம். பிரதியோடு ஒரு கடிதமும் வைத்திருந்தார். நடிக்கப்போவது ஆஸ்பத்திரிக்காரர்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும்தான், முக்கியமான வேஷத்தில் நடிக்கும் நர்ஸுக்கு மாற்றல் வந்துவிட்டது, தை பிறந்தால் அவர் போய்விடுவார், இந்த மார்கழியில் வாய்ப்புக் கிடைத்தால்தான் உண்டு. செயலாளர் கடிதத்தைப் படித்துவிட்டு, "எல்லாரும் இப்படி ஒண்ணு சொல்லத்தான் செய்வாங்க" என்றார்.

நான் படிக்க ஆரம்பித்தேன். ஒரே வீட்டில் நடுவே சுவர் எழுப்பிக்கொண்டு வாழ்கிற இரண்டு ஓரகத்திகள். இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. முதல் காட்சியில் ஒருத்தி மாட்டிடம் பேசினாள். இன்னொருத்தி போனில் யாரிடமோ மோட்டார் ஓடவில்லை என்றாள். "கரண்ட் வந்துடுச்சு" என்று ஒரு குரல். "ம்" என்று ஒரு குரல். அடுத்த காட்சியில் கரண்ட் போயிற்று. பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனேன். கடைசி வசனமும் "கரண்ட் வந்துடுச்சு" தான். பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

"இது நாடகமா, கரண்ட் ஆபீஸ் அறிவிப்பா?" என்றார் பேராசிரியர். மூன்று பேரும் நன்றாகச் சிரித்தோம். என் சிரிப்புத்தான் சத்தமாக இருந்தது.

இல்லை என்பதைக் கடிதத்தில் சொல்லக் கூடாது, போனில் காரணத்தோடு சொல்ல வேண்டும் என்பதும் நான் வைத்த வழக்கம்தான். கூப்பிட்டேன்.

"ரொம்பச் சின்னதா இருக்கும்மா. ஒண்ணுமே நடக்க மாட்டேங்குது" என்றேன்.

"முழுசாப் படிச்சீங்களா டீச்சர்?"

"ஒரு வரி விடாமப் படிச்சோம்."

"சரிங்க டீச்சர்" என்று வைத்துவிட்டார். நான் பொய் சொன்னதாகவே எனக்குத் தோன்றவில்லை. மன்றம் அந்த மார்கழிக்கு உறையூர்க்காரர் ஒருவர் எழுதிய நாடகத்தை எடுத்துக்கொண்டது. இரண்டு மணி நேரம் விடாமல் பேசுகிற நாடகம்.

ஐப்பசியில் செயலாளர், தேர்வாகாத பிரதிகளை என்னிடம் கொடுத்தார். கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். சத்திரத்தில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறினேன். காவிரிப் பாலத்தில் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. போனில் சார்ஜ் இல்லை. வேறு வழியில்லாமல் மடியில் இருந்த பிரதிக் கட்டின் மேலே இருந்ததை எடுத்தேன். அது தொட்டியத்துப் பிரதி. இந்த முறை குறிப்புகளையும் சேர்த்துப் படித்தேன்.

முதல் காட்சியில் மூத்தவள் ஒரு கிண்ணத்தில் குழம்பை ஊற்றி, இளையவள் வாசலில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போகிறாள். சாயங்காலம் அந்தக் கிண்ணம் கழுவி மூத்தவள் வாசலுக்கு வருகிறது. உள்ளே நாலு எலுமிச்சம்பழம். நம் வீடுகளில் யாரும் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தர மாட்டார்களே, அதுதான். மறுநாள் கூட்டு போகிறது, கறிவேப்பிலை வருகிறது. ஏழு வருடமாகப் பேசாதவர்கள் இந்தக் கிண்ணத்தை மட்டும் நிறுத்தவில்லை. மூன்றாம் நாள் கிண்ணம் வெறுமையாகத் திரும்பி வருகிறது. மூத்தவள் அதைக் கவிழ்த்துப் பார்க்கிறாள். உள்ளே கொண்டுபோகிறாள், திரும்பவும் வெளியே கொண்டுவந்து வைத்துக்கொண்டு நிற்கிறாள். பிறகு சுவரைச் சுற்றிக்கொண்டு போய், ஏழு வருடத்தில் முதல் முறையாக இளையவள் வீட்டுக்குள் நுழைகிறாள். இளையவள் காய்ச்சலில் கிடக்கிறாள். மூத்தவள் பக்கத்தில் உட்காருகிறாள். மின்விசிறி சுற்றத் தொடங்குகிறது. "கரண்ட் வந்துடுச்சு" என்கிறாள். நாடகம் முடிகிறது.

படத்தைப் பார்க்காமல் கணக்குப் போடாதே என்று பிள்ளைகளிடம் நாள் தவறாமல் சொல்கிறவள் நான். காது வரைக்கும் சூடாகிவிட்டது. பக்கத்து சீட் அம்மா, "தண்ணி வேணுமாங்க?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

மறுநாள் செயலாளரிடம் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார், ஆனால் நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம் டீச்சர்" என்றார். அடுத்த வருடம் அந்த நர்ஸ் இருக்க மாட்டார் என்று இருவருக்கும் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமை நம்பர் ஒன் டோல்கேட்டில் நாமக்கல் பஸ் ஏறித் தொட்டியம் போனேன்.

அவர்கள் ஒத்திகையை ஆவணியோடு நிறுத்தியிருந்தார்கள். நடந்ததை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். வசனம் மட்டும்தான் படிப்போம், உங்கள் குறிப்பு ஒன்றும் எங்கள் காதில் விழவில்லை, விதி என்னுடையது, தப்பும் என்னுடையது.

"அப்ப நீங்க படிச்சதுல என்னதான் டீச்சர் இருந்துச்சு?"

"கரண்ட் வந்ததும் போனதும்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஒத்திகை மறுபடி தொடங்கியது. கார்த்திகையில் ஒரு ஞாயிறு காலை, அங்கே ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் அந்த நாடகம் நடந்தது. என் குழுவில் எழுதினேன். ஒன்றரை மணி நேரம் பஸ், சிரிப்பு இல்லை, வண்டி நிறுத்த இடம் உண்டு, என்னை நம்பி வாருங்கள். நாற்பது பேர் வந்தார்கள். ஊர்க்காரர்கள் நாற்பது பேர். மூத்தவள் கிண்ணத்தைக் கவிழ்த்தபோது, எனக்குப் பின்னால் இருந்த ஒரு தொட்டியத்து அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், "அவளுக்கு முடியல போல" என்று மெதுவாகச் சொன்னார். மேடையில் அதுவரை யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. நான் அழுதேன். நாடகத்துக்காக எவ்வளவு, எனக்காக எவ்வளவு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

நானூறு பேர் பார்க்க வேண்டியதை எண்பது பேர் பார்த்தோம். தையில் நர்ஸ் போய்விட்டார். அந்த நாடகம் அப்புறம் நடக்கவில்லை.

மன்றத்தில் விதியை எடுத்துவிட்டோம். இனி குறிப்புகளையும் படிக்க வேண்டும், முடிந்தால் நேரில் போய் ஒத்திகையைப் பார்க்க வேண்டும் என்று செயலாளர் நோட்டில் எழுதி, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். அதைத் தொட்டியத்துக்குச் சொல்ல வேண்டும் என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்த ஆடியில் அவருடைய புதுப் பிரதி வந்தது. நானே முதலில் எடுத்தேன். தடியாக இருந்தது. மாவு மில் நடத்துகிற அண்ணன், அவனை விட்டுப் பிரிந்துபோன தம்பி. மேடைக் குறிப்பு என்று ஒரு வரிகூட இல்லை. எல்லாரும் பேசினார்கள். கோபம் வந்தால் எனக்குக் கோபம் வருகிறது என்றார்கள். தம்பி வந்து நின்றதும் அண்ணன், "நீ வாசலில் தயங்கி நிற்பதிலிருந்தே உன் மனம் மாறியது எனக்குத் தெரிகிறது" என்றான். நிற்க வைத்திருந்தாலே போதும். நூறு பக்கமும் அப்படித்தான்.

ஆவணியில் உரக்கப் படித்தேன். பேராசிரியர் இரண்டு இடத்தில் "பலே" என்றார். செயலாளருக்கு மிகவும் பிடித்துவிட்டது. "இந்த வருஷம் அவங்களுக்கே கொடுத்துடலாம் டீச்சர். நமக்கும் மனசு ஆறும்" என்றார். என் மனது ஆறுவதற்கு அதைவிட எளிய வழி இல்லை என்பது உண்மைதான். ஆனால் என்னை நம்பி அரங்கத்துக்கு வருகிறவர்களிடம் அதைப் பாருங்கள் என்று எழுத என்னால் முடியாது. ஒரு நாள் அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டு, அவரைக் கூப்பிட்டேன்.

"ஏம்மா இவ்வளவு பேசுறாங்க?" என்றேன்.

"நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, படிக்கும்போது காதுல விழலன்னு. அதான் ஒண்ணு விடாம எல்லாத்தையும் வசனத்துல கொண்டுவந்துட்டேன். டூட்டி முடிஞ்சு வந்து தெனமும் எழுதினேன். ஒம்பது மாசம் ஆச்சு."

அந்த விதியை எடுத்துவிட்டோம் என்றேன். எப்போது என்று கேட்டார். போன வருடமே என்றேன். நீங்கள் முன்னே எழுதினது போலவே எழுதுங்கள், நான் நேரில் வந்து பார்க்கிறேன் என்று அவசரமாக என்னென்னவோ சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்ப இதுவும் வேணாங்களா டீச்சர்?"

வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.