சுவரைத் தள்ளிய தவராசா அண்ணை

சாவகச்சேரியில் பஸ்ஸுக்கு நிற்கிற நேரங்களில், எதிரே புதிதாகத் திறந்திருக்கும் உடற்பயிற்சி நிலையத்தைக் கண்ணாடிக்கூடாகப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. போன கிழமை ஒரு இளந்தாரி நிலத்தில் டிப்ஸ் அடித்துக்கொண்டிருந்தான். புத்தகத்தில் தண்டால் என்று எழுதுவதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். முழங்கை இரண்டும் காகம் செட்டை விரித்தது போலப் பக்கவாட்டில் நிற்க, வயிறு நிலத்தில் உரச, தலை மட்டும் மேலும் கீழும் போய்வந்தது. செய்வது பிழை என்று உள்ளே போய்ச் சொல்லுவோமா என்று ஒரு காலை எடுத்தும் வைத்துவிட்டேன். அதே கண்ணாடியில் என் தொந்தியும் தெரிந்தது. காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டேன்.

ஏறின பஸ்ஸில் யாரோ ஒருவரின் வெங்காயச் சாக்கு என் காலடியில் கிடந்தது. ஈரச் சாக்கும் வெங்காயச் சருகும் கலந்த அந்த மணம் இருக்கிறதே, அது பஸ்ஸை விட வேகமாக என்னைக் கொடிகாமம் சந்தையில் இறக்கிவிட்டது. அங்கே ஒரு மரக்கறித் தரகுக் கடையில் நான் கிளாக்கராக இருந்த காலம். அப்போது எனக்குத் தொந்தி இல்லை. வைக்க இடமும் இல்லை, உடம்பு அப்படி.

தவராசா அண்ணை எங்கள் கடையில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர். மரவள்ளிக்கிழங்கு மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டே, எதிரே வந்தவரை மறித்து நின்று கதைப்பார். மூட்டை இருப்பது கேட்கிறவருக்குத்தான் பாரமாக இருக்கும். அவருடைய மனைவி கமலாக்கா சந்தை வாசலில் கீரை விற்றார். வீட்டில் வருமானம் என்று இருந்தது அந்தக் கீரையும் இந்தத் தோளும்தான்.

ஒரு மழை நாளில் லொறியின் பின்பலகையில் கால் வழுக்கி, அண்ணை இடது கையை ஊன்றியபடி விழுந்தார். தோள்மூட்டு விலகிவிட்டது. ஆஸ்பத்திரியில் பொருத்திக் கட்டினார்கள். கட்டு அவிழ்த்த பிறகு, அதே ஆஸ்பத்திரியில் தசைப்பயிற்சி கொடுக்கிற இடத்துக்கு நானும் கமலாக்காவும் அவரைக் கூட்டிப் போனோம். அங்கே என் வயதில் ஒரு பெண் இருந்தார். அண்ணையின் தோளை மெல்லச் சுழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஐயா, தோள்மூட்டைச் சுத்தியிருக்கிற தசையெல்லாம் பலம் கெட்டுப்போய்க் கிடக்கு. இப்பிடியே மூட்டை தூக்கினா திரும்பவும் கழரும். முதல்லை சுவரிலை கைவைச்சுத் தள்ளிப் பழகுங்கோ. நான் சொல்லேக்கை நிலத்திலை டிப்ஸ் அடிக்கலாம்."

வெளியே வந்ததும் அண்ணைக்குக் கோபம் பொங்கியது. "கேட்டியே தம்பி? சுவரைத் தள்ளட்டாம். நான் என்ன, சுவர் விழாமல் பிடிக்க வந்தவனே?"

அடுத்த நாளே சந்தை நடுவில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிலத்தில் இறங்கிவிட்டார். முதலாவது எப்படியோ வந்தது. இரண்டாவதில் இடது முழங்கை வெளியே ஓடியது, தோள் நடுங்கியது, ஆள் கன்னம் அடிபட வெங்காயச் சருகுக்குள் விழுந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் முகம் அப்படி வெளிறிப் போயிருந்தது. கமலாக்கா கீரைக் கட்டுகளை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். ஏசுவார் என்று பார்த்தேன். கன்னத்தில் ஒட்டியிருந்த சருகைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போனார், அவ்வளவுதான்.

மறுநாள் காலை சந்தை நிறைவதற்கு முதல், எங்கள் கடையின் பக்கச் சுவருக்கு முன்னால் கமலாக்கா நின்றார். இரண்டு உள்ளங்கையையும் சுவரில் வைத்தார்.

"வாங்கோ. நானும் செய்யிறன்."

"சனம் சிரிக்கும், கமலா."

"சிரிக்கட்டும். உங்களைப் பாத்துச் சிரிக்கிறதிலை பாதி எனக்கு வரட்டுமே."

அண்ணை சாரத்தை இறுக்கிக் கட்டினார். பிறகு போய்ப் பக்கத்தில் கை வைத்தார்.

சனம் சிரித்தது. கத்தரிக்காய் விற்கிற பொன்னுத்துரை, "என்ன தவம், சுவர் கொஞ்சம் நகர்ந்திட்டுதோ?" என்று தினமும் விசாரித்தார். நான் மட்டும் என்ன திறமா? எனக்கு டிப்ஸ் நன்றாக வரும் என்ற நினைப்பில் ஒருநாள் நிலத்தில் இறங்கி வேகமாக அடித்துக் காட்டினேன். "தம்பி செய்யிறது வேலியிலை ஓணான் தலையாட்டின மாதிரிக் கிடக்கு" என்றார் கமலாக்கா. மூன்றாவது ஆளாக நானும் சுவருக்கு வந்து சேர்ந்தேன்.

வந்த பிறகுதான் அது எவ்வளவு நுணுக்கமான வேலை என்று தெரிந்தது. கை தோளகலத்துக்குச் சற்றே வெளியே, நெஞ்சுக்கு நேரே இருக்க வேண்டும். முழங்கை பக்கவாட்டில் விரியாமல் பின்னோக்கிச் சாய வேண்டும். தோள் காதை நோக்கி ஏறக்கூடாது. வயிற்றை இறுக்கி, தலையிலிருந்து குதி வரை உடம்பு ஒரே பலகையாக நிற்க வேண்டும். மூச்சை இழுத்தபடி ஆறுதலாக, மெல்ல மெல்ல இறங்கி, விட்டபடி எழும்ப வேண்டும். வேகமாகச் செய்தால் செய்த மாதிரித்தான் இருக்கும், தசைக்கு வேலை போகாது. சுவர் இலகுவானதும் கடை மேசைக்கு இறங்கினோம். மேசையிலிருந்து, ஆட்கள் இருக்கிற வாங்குக்கு. ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஆஸ்பத்திரிப் பெண்ணின் சம்மதம் கேட்ட பிறகுதான். ஊரே பலசாலி என்று சொன்ன மனிதர், அந்த ஊருக்கு முன்னால் நின்று பலமில்லாதவராக இருக்கச் சம்மதித்தாரே, அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பிரமிப்புத்தான்.

நிலத்துக்கு உத்தரவு கிடைத்த அன்று பொன்னுத்துரை தராசை விட்டுவிட்டு வந்து நின்றார். கமலாக்கா நிலத்தில் ஒரு பக்கமாகப் படுத்து, கன்னம் மண்ணில் முட்ட, அண்ணையின் உடம்பு நேராக இருக்கிறதா என்று பார்த்தார். அண்ணை இறங்கினார். அப்படி ஆறுதலாக ஒரு மனிதர் இறங்கி நான் கண்டதில்லை. நெஞ்சு மண்ணுக்குச் சற்று மேலே நின்றது. பிறகு, நடுக்கமில்லாமல் எழும்பினார். சந்தை மூச்சு விட்டது.

"இடுப்பு தொய்ஞ்சுபோச்சு. திருப்பி எடுங்கோ" என்றார் கமலாக்கா.

முதலில் சிரித்தது அண்ணைதான். சிரித்த சிரிப்பில் கை மடங்கி மண்ணில் கிடந்தார். சந்தையும் சேர்ந்து சிரித்தது. ஆனால் அவர் திருப்பி எடுத்தார். சரியாக எடுத்தார். அடுத்த கிழமை எங்கள் சுவரில் பொன்னுத்துரையும் கை வைத்து நின்றார்.

அண்ணை பிறகு நெடுங்காலம் மூட்டை தூக்கினார். அந்தத் தோள் மறுபடி விலகவில்லை.

இன்று அந்தக் கடை இல்லை. தோட்டத்திலிருந்து மரக்கறி நேரே லொறி ஏறிப் போய்விடுகிறது, பேரம் எல்லாம் போனில். பொன்னுத்துரை கனடாவில். கமலாக்கா காய்ச்சல் என்று படுத்தவர், எழும்பவில்லை. அண்ணை கரவெட்டியில் மகள் வீட்டில் இருக்கிறார்.

கமலாக்காவின் முதலாம் வருட ஆட்டத்திவசத்துக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து, முற்றத்தில் இரண்டு கதிரை போட்டு இருவரும் இருந்தோம். என் தொந்தியையும் தன் நரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அண்ணை சொன்னார்: "தம்பி, எங்கள் ரெண்டு பேரையும் இப்பக் கண்டிருந்தா அவ என்ன சொல்லியிருப்பா?"

நான் யோசித்தேன். அவரும் யோசித்தார். நிச்சயம் ஏதோ சொல்லியிருப்பார், கேட்ட உடனே சிரிப்பு வருகிற மாதிரி ஒன்று. இருவருக்கும் அந்த வார்த்தை வரவில்லை.