நாலு முறைக்கு மேல் பார்க்காதே

பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்ல ஒரு ஏஐ-க்குக் கற்றுக்கொடுத்தவள் நான். இதை உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

தூத்துக்குடியில் ஒரு மீனவர் சங்கத்தில் எனக்குக் கணினி வேலை. படகு எங்கே நிற்கிறது என்று வீட்டுப் பெண்கள் போனில் கேட்டால், எங்கள் ஏஐ படகிலுள்ள கருவியிடம் கேட்டுப் பதில் சொல்லும். ஒவ்வொரு முறையும் கருவியின் பேட்டரி கொஞ்சம் இறங்கும். அதனால் ஒரு படகுக்கு நாளொன்றுக்கு நாலு முறை என வரம்பு வைத்தேன். அதில் தவறில்லை... இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நாலும் தீர்ந்தபின் கேட்டால்? “இப்போது பார்க்க முடியவில்லை” என்றல்லவா அது சொல்ல வேண்டும்! நான் விடவில்லை. சங்கத்தார் முன் என் வேலை மட்டமாகத் தெரியுமே என்று, கடைசியாகப் பார்த்த இடத்தையே சொல்லவைத்தேன். எப்போது பார்த்தது என்பதையும் மறைத்தேன்.

பெரியதாழை ஜெனிட்டா அக்கா, கணவர் சூசை அண்ணன் கடலுக்குப் போனதும் ஜெபமாலையோடு உட்கார்ந்துவிடுவார். பத்து மணிகளை உருட்டி முடித்ததும் ஒரு முறை கேட்பார். ஒரு ஜெபமாலையில் அப்படி ஐந்து பத்துகள். என் நாலு, ஒரு ஜெபமாலைக்கே போதாது. பாவம், அவருக்கு அது எப்படித் தெரியும்?

அன்று அண்ணன் தனியாகப் போயிருந்தார். நாலும் காலையிலேயே தீர்ந்தன. மத்தியானம் அவர் கை இன்ஜினில் சிக்கி, இன்ஜின் நின்று, படகு நீரோட்டத்தில் வடக்கே இழுபட்டது. சாயங்காலமாகியும் காணோமே என்று ஊரார் தேடக் கிளம்பினார்கள். அக்கா மறுபடி கேட்டார். காலையில் நின்ற இடத்தையே அது சொன்னது.

“அங்கனதான் நிக்காவ. மீனு பட்டிருக்கும், யாரும் போவாண்டாம்.” தடுத்தது அக்காதான்.

விடிந்ததும் வரம்பு புதிதாகி, ஏஐ உண்மையான இடத்தைச் சொன்னது. குலசேகரன்பட்டினத்துக்கு நேரே நடுக்கடலில் கிடந்தவரைத் தூக்கிவந்தார்கள். இரண்டு விரல்கள் போயின. முந்தைய நாளே வந்திருந்தால் விரல்களைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர்.

உண்மையைச் சொல்லத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன், நம்புங்கள்! அக்கா அண்ணனுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் உடைந்துபோனார்.

“ஏளா, அது சரியாத்தான் சொல்லிருக்கும். நான்தான் தப்பாக் கேட்டுட்டேன். என்னாலதான் அவுக விரலு போச்சு.”

“சும்மா இரு” என்று அண்ணன் கட்டுப்போட்ட கையாலேயே அவர் கண்ணைத் துடைக்கப் பார்த்தார். “அழாதீங்க அக்கா” என்றேன்... அவ்வளவுதான் சொன்னேன்!

மறுநாளே ஏஐயைத் திருத்திவிட்டேன். பார்க்காததைப் பார்க்கவில்லை என்றே இப்போது சொல்கிறது. அக்காதான் இன்னும், தான் தப்பாகக் கேட்டுவிட்டதாக ஊரெல்லாம் சொல்லி அழுகிறார். அவரை நான் திருத்தவில்லை.