சம்பந்தியம்மா தொட்ட நங்கூரம்

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தை மாதம், பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பத்தில் நடந்தது இது. என் நாத்தனார் மகள் ஸ்காட்லாந்தில் நர்ஸ். அந்த ஊர்க்காரரையே கல்யாணம் செய்துகொண்டவள். அந்த முறை தன் மாமியாரையும் கூட்டிவந்து எங்கள் வீட்டில் தங்கினாள். நான் பத்தாவது வரை படித்தவள். புது மனிதர்களைக் கண்டாலே சமையலறைக்குள் போய்விடுவேன்.

அன்று என் கணவருக்குப் பாடு. எங்கள் ஏரியில் நல்ல இறால் கிடைக்கும் இடத்தில் எல்லோரும் வலை கட்ட முடியாது. முறை வைத்துத்தான் இறங்குவார்கள். அதைத்தான் பாடு என்போம். வந்த முறையை விட்டால் அடுத்தது வர வெகுநாள் ஆகும். விடியற்காலையில் அவர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினார். சம்பந்தியம்மா சிரித்த முகத்தோடு, புதிதாகக் கற்ற தமிழில், "எங்க போறீங்க?" என்றார்.

வலை கீழே இறங்கிவிட்டது. தொழிலுக்குக் கிளம்புகிறவரை எங்கே என்று கேட்டால் வெறுங்கையோடுதான் திரும்புவார் என்பது எங்கள் நம்பிக்கை. கேட்டே ஆகவேண்டும் என்றால் "தூரமா?" என்போம்.

"இன்னிக்கு நான் போவல" என்று போய்ப் படகு விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு கெளம்பேன். மொற போயிடும்" என்று கெஞ்சினேன்.

"சம்பந்தியாப் போச்சு, இல்லன்னா வாயில வந்தத கேட்டிருப்பேன். நீ உள்ள போ."

நீரோட்டம் திரும்புவதற்குள் வலை கட்டியாக வேண்டும்.

நாத்தனார் மகள் மாமியாரிடம் விஷயத்தைச் சொன்னாள். சிரித்துவிடுவார் என்று பயந்தேன். சிரிக்கவில்லை. காபியை வைத்துவிட்டு நேராகப் படகுக்குப் போனார். நங்கூரத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு, "கால்ட் ஏர்ன்" என்றார்.

"இன்னா பாப்பா சொல்லுது அந்தம்மா?"

"'குளிர்ந்த இரும்பு'ன்னு அர்த்தம் மாமா. அவங்க அப்பாவும் மீன் புடிக்கிறவர்தான். அங்க படகுல பன்னின்னு சொல்லக் கூடாதாம். யாராச்சும் வாய்தவறி சொல்லிட்டா, இரும்பத் தொட்டு இதச் சொல்வாங்களாம். கெட்டது விலகிடுமாம்."

அவர்கள் ஊருக்கும் வடக்கே உள்ள தீவுகளில், படகில் பாதிரியாரைக்கூடப் பேர் சொல்ல மாட்டார்களாம். கோயிலில் எழுந்து நின்று பிரசங்கம் செய்வதால் 'எழுந்து நிற்கிறவர்' என்று வேறு சொல் வைத்திருந்தார்களாம்.

"பாவம், அவருக்குக் காலு வலிக்காதா?" என்றார் என் கணவர். அவள் அதை மாமியாருக்குச் சொன்னதும், அந்த அம்மா நங்கூரத்தை விடாமலே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"சரி வுடு. இதுவும் நம்மள மாதிரி தண்ணிக்குப் போற வூட்டுப் பொண்ணுதான்" என்று இவர் எழுந்து வலையைத் தூக்கினார். படகு கிளம்பியது.

அன்று இறால் நிறைய என்று சொல்ல முடியாது. வீடு திரும்ப வெட்கப்படும் அளவுக்குக் குறைவும் இல்லை. என்னோடு உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டே, அந்த அம்மா இன்னும் பல சொற்களைச் சொன்னார்; நாத்தனார் மகள் தமிழில் எடுத்துச் சொன்னாள். எது எந்தப் பயத்தில் பிறந்தது என்பதுவரை அந்த அம்மா தெரிந்து வைத்திருந்தார். அவர் ஊர்ப் பிள்ளைகளுக்கே இப்போது அவை தெரியாதாம். தன் அப்பாவின் பயத்தைக் கேலி செய்யாமல் இத்தனை காலம் மனதில் வைத்திருந்ததால்தான் எங்கள் பயத்தையும் அவரால் மதிக்க முடிந்தது என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.