கண்ணாடித் தொட்டிக்கு வரப்பு இல்லை

நெல் விளைகிற ஊரில் கடல் மீன் வளர்ப்பவளைப் பைத்தியம் என்றுதான் சொல்வார்கள். சொல்லட்டும். நல்லேப்பிள்ளியில் எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. உள்ளே கடல்தண்ணீர், மணல், பாறை, கொஞ்சம் பவளம். கடல்தண்ணீர் என்றால் கடலில் மொண்டு வந்ததில்லை. வடிகட்டிய தண்ணீரில் அதற்கென்று விற்கிற உப்பைக் கரைப்பது. சமையல் உப்புப் போட்டால் ஆகாதா என்று கேட்டவர்கள் எங்கள் தெருவில் யார் யார் என்று எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட நான் போவதில்லை.

மீன் வாங்கக் கோயம்புத்தூர் போனேன். கடைக்காரர் தட்டு மாதிரி ஒரு நீல மீனைக் காட்டினார்.

“இதுதாங்க மேடம் இப்ப எல்லாரும் கேக்கறது.”

“எவ்வளவு வளரும்?”

“தொட்டிக்குத் தகுந்த மாதிரி வளந்துக்குமுங்க.”

இந்தப் பொய்யைச் சொல்கிறவர்களை உப்புத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். எந்த மீனும் தொட்டியை அளந்து பார்த்து வளர்வதில்லை. அது பாட்டுக்கு வளரும், இடம் போதாமல் நோய் வந்து சாகும். அப்புறம் அதே கடைக்கு வந்து இன்னொன்று வாங்குவோம்.

“எங்க தொட்டி ரெண்டடிங்க. இது திரும்போணும்னா ரிவர்ஸ் கியர் போடோணும். வேற காட்டுங்க.”

கடைசியில் எடுத்தது விரல் நீளக் கோபி மீன் ஒன்றும், அதோடு ஒரே வளையில் குடியிருக்கும் பிஸ்டல் இறால் ஒன்றும். இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. அது நாளெல்லாம் வளை தோண்டும். மீன் வாசலில் நின்று காவல் பார்க்கும். இறால் தன் மீசையை மீனின் முதுகில் வைத்துக்கொண்டே வேலை செய்யும். ஆபத்து வந்தால் மீன் வாலை ஆட்டும், இரண்டும் உள்ளே ஓடிவிடும். நான் பார்த்த குடித்தனங்களில் இது ஒன்றுதான் ஒழுங்காக நடக்கிறது. வாங்குவதற்கு முன் இரண்டுக்கும் என் கண் எதிரில் இரை போடச் சொன்னேன். எவ்வளவு அழகாக இருந்தாலும் இரை எடுக்காததை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.

பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள் என் மடியில் இருந்த மீன் பையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “கொழம்புக்கா கண்ணு?”

வீட்டில் பையின் தண்ணீரோடு தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் பழக்கி, பிறகுதான் இறக்கினேன். இறால் அன்றே பாறைக்கு அடியில் தோண்டத் தொடங்கியது.

இந்த நேரம் பார்த்து என் மாமனாருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்தது. வாழ்நாள் முழுக்க விடிந்ததும் வயலுக்குப் போய் வரப்பைச் சுற்றி வந்தவர். டாக்டர் வரப்புப் பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார். மாமா தொட்டிக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். நல்லது, ஒரு இடத்தில் கிடக்கட்டும் என்று நானும் விட்டேன்.

மார்கழிக் காற்று தொடங்கியது. மலைக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வருகிற அந்தக் காற்று துணியையும் உதட்டையும் காயவைக்கிற மாதிரி தொட்டியையும் காயவைக்கும். தண்ணீர் ஆவியாகும், உப்பு உள்ளேயே தங்கும். அதனால் குறைகிற அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் கூடாது. பக்கத்துச் சித்தூரில் வேலை முடிந்து வந்து சாயங்காலம் நான்தான் ஊற்றுவேன்.

அந்த வாரம் மீன் வெளியே வருவது குறைந்துகொண்டே போய், கடைசியில் காணவே இல்லை. வளை வாசல் மூடிக் கிடந்தது. கடைக்காரருக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

“எறா தோல் உரிக்கறப்ப வாசலை அடைச்சுக்குமுங்க மேடம். பயப்படாதீங்க.”

சரி என்று விட்டேன். ஆனால் தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தது. சமையலறையில் யார் வறுத்தாலும் சண்டை போட்டேன். என் வீட்டுக்காரர் ஒரு வாரம் அப்பளம் இல்லாமல் சாப்பிட்டார்.

ஒருநாள் காலையில் சாப்பாட்டு டப்பாவை மறந்து பாதி வழியில் திரும்பி வந்தேன். மாமா முழங்கை வரைக்கும் தொட்டிக்குள் கையை விட்டு நின்றுகொண்டிருந்தார். அறை முழுக்க முழங்கால் தைல வாசனை.

“என்னங்க மாமா பண்றீங்க?”

“நண்டு வளை அம்முணி. அடைக்கறேன்.”

“அடைக்கறீங்களா?”

“நீ வேலைக்குப் போயிருவ, உனக்கு என்ன தெரியும்? தெனமும் தண்ணி அரை வெரக்கடை எறங்குது. வரப்புல நண்டு வளை வழியா ஒழுகற மாதிரி இந்த வளை வழியாத்தான் போவுது. மண்ணைத் தள்ளுனேன், மறுபடியும் தோண்டிப்போடுது. இன்னைக்குக் கல்லை வெச்சு இறுக்கிட்டேன்.”

“கண்ணாடித் தொட்டிக்கு வரப்பு ஏதுங்க மாமா? கீழ கண்ணாடி, அதுக்குக் கீழ மேசை. தண்ணி எந்த வயலுக்குப் போவும்?”

மாமா குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். காய்ந்துதான் இருந்தது. “அப்ப நண்டுதான் குடிக்குது,” என்றார்.

நான் அன்று வேலைக்குப் போகவில்லை. வளைக்குள் அடைபட்ட தண்ணீரில் ஆக்ஸிஜன் தீர்ந்தால் இரண்டும் போச்சு. தைலம் வேறு. பாறையைத் தூக்கினால் மணல் சரிந்து நசுங்கிவிடும். கல்லை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தேன். சிரிஞ்சில் தண்ணீரைப் பீய்ச்சி மணலை மெதுவாகக் கலைத்தேன். படலத்தை டிஷ்யூ காகிதம் போட்டு எடுத்தேன். புது உப்புத் தண்ணீர் கரைத்துப் பாதி மாற்றினேன். வாசல் திறந்தது. உள்ளிருந்து எதுவும் வரவில்லை.

மாமா தைலக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு நாற்காலிக்குத் திரும்பினார்.  நான் வாயைத் திறந்திருந்தால் அவர் முழங்காலையும் சேர்த்துத் திட்டியிருப்பேன்.

மத்தியானம் கண்ணாடி உடைகிற மாதிரி டப்பென்று ஒரு சத்தம்.

“தொட்டி போச்சு அம்முணி,” என்று மாமா எழுந்தே விட்டார்.

தொட்டிக்கு ஒன்றும் இல்லை. இறால் கொடுக்கைச் சொடுக்கினால் அந்தச் சத்தம்தான் வரும். அதனால்தான் அதற்கு அந்தப் பேர். பாறைக்குப் பின்பக்கம் மணல் குவியலைத் தள்ளிக்கொண்டு அது வெளியே வந்தது. மேலே மீன், முறைத்துக்கொண்டு.

“பொறகால வழி போட்டு வெச்சிருக்குது பாரு, திருட்டு நாயி,” என்றார் மாமா. குரலில் கோபத்தைவிட நிம்மதிதான் அதிகம் இருந்தது. பிறகு கேட்டார்: “அப்ப தண்ணி எங்கதான் போவுது?”

“காத்துலீங்க மாமா.”

மாமா ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு போய்க் கிழக்கு ஜன்னலைச் சாத்தினார். இடுக்கில் பழைய வேட்டியைக் கிழித்துச் செருகினார்.

இப்போதெல்லாம், தொட்டி சூடாகிவிடும் என்று நான் ஜன்னலைத் திறக்கிறேன். நான் பஸ் ஏறியதும் அவர் அடைக்கிறார்.