ஆபீஸ் கணக்கில் அம்மா

அப்பா ஒரு துணி மில்லில் ஹெட் கிளார்க். மில்லுக்கென்று ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. ஊழியருக்கும் மனைவி மக்களுக்கும் அங்கே இலவச வைத்தியம். எங்களோடு பம்பாய் மாட்டுங்காவில் இருந்த சித்தி அந்தக் கணக்கில் வரவில்லை. அம்மாவின் தங்கை, சின்ன வயதிலேயே கணவனை இழந்து வந்தவள். என்னைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான், ஆனால் குடும்பம் இல்லையாம். அந்த விதியை எழுதிய மகானுக்கு மச்சினி கிடையாது போலிருக்கிறது.

சித்திக்கு வயிற்றில் கட்டி வந்தது. ஆபரேஷன் செய்தால்தான் பிழைப்பாள் என்றார்கள். வெளியே செய்ய எங்களுக்குச் சக்தி இல்லை.

"என் பேர்ல சேர்த்துடுங்கோ" என்றாள் அம்மா.

ஆபீஸ் பென்சிலைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத மனுஷர் அப்பா. மாடத்துச் சுவாமி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சரி என்று தலையசைத்தார்.

மனைவியாகப் போவதென்றால் பொட்டு வேண்டும். அம்மா தன் நீலப் புடவையைச் சித்திக்கு உடுத்தி, கழுத்தில் ஒரு மஞ்சள் சரடும் கட்டிவிட்டுக் குங்குமச் சிமிழைத் திறந்தாள். சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வேண்டாங்க்கா. உன் மாங்கல்யத்துக்கு ஏதாவது ஆயிடப்போறது."

"நீ பொழைச்சு வந்தாப் போரும். இப்படித் திரும்பு."

சித்தி அவ்வளவு அழகு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கண்ணாடியை நீட்டினேன். அவள் பார்க்க மறுத்துவிட்டாள். டாக்ஸியில் அப்பாவின் மேல் முந்தானைகூடப் படாமல் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்து போனாள்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள், சித்தி போய்விட்டாள் என்று ஆள் வந்து சொன்னான். நாங்கள் ஓடினோம். அதற்குள் வார்டில் இருந்த மராட்டிப் பெண்கள் அவளைக் குளிப்பாட்டி, முகத்தில் மஞ்சள் பூசி, நெற்றி நிறையக் குங்குமம் இட்டு, பச்சைக் கண்ணாடி வளையல் போட்டு, தலையில் பூவும் வைத்திருந்தார்கள். புருஷன் இருக்கும்போதே போய்விட்ட புண்ணியவதி என்று ஒருத்தி அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்பா வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. சொந்தக்காரர்கள் பார்த்தால் என்ன சொல்வார்களோ என்று நான் முந்தானையால் குங்குமத்தைத் துடைக்கப் போனேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழிக்காதேடி. இப்படியே போகட்டும்."

அடுத்த வாரம் மில் மானேஜர், மனைவியை இழந்த ஹெட் கிளார்க்கிடம் துக்கம் விசாரிக்க வந்தார். அம்மா சமையலறைக் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சுதந்திரம் வந்த மறு வருஷம், ஆலைத் தொழிலாளிகளுக்கு ஆரோக்கிய இன்ஷூரன்ஸ் சட்டம் தில்லியில் நிறைவேறியது. பம்பாய்க்கு அது வந்து சேர இன்னும் சில வருஷங்கள் ஆயின. பம்பாய்க்கும் வந்துவிட்டது என்று பேப்பரில் சேதி வந்த அன்று அம்மாவுக்கு நல்ல ஜுரம். மில் ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லாமல் கஷாயம் குடித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"போகப் போக ஆத்து மனுஷாளுக்கும் வருமாம்" என்றார் அப்பா.

"நான்தான் போயாச்சே" என்று அம்மா சிரித்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு கேட்டாள்:

"அவ செத்ததையாவது எங்கேயாவது அவ பேர்ல எழுதியிருக்கோமா?"

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். இல்லை என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.