ராத்தாவின் மதில் கொக்கு

ஒரு கொக்குக்காக என் கூடப்பிறந்தவள் மேல் எனக்கு வயிறு எரிந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் எரிந்தது எரிந்ததுதான்.

உம்மாவின் வளவை இரண்டாகப் பிரித்து, கல்யாணத்தோடு எங்கள் இரண்டு பேருக்கும் வீடு கட்டித் தந்தார்கள். ராத்தா மூத்தவள் அல்லவா, தோணாவைத் தொட்டுக்கிடந்த பாதி அவளுக்குப் போனது. தோணா என்பது ஊரை ஒட்டித் தேங்கிக்கிடக்கும் கழி. மழைக்காலத்தில் முகத்துவாரத்தை வெட்டிவிட்டால் கடலோடு சேர்ந்துவிடும். எனக்குக் கிடைத்தது றோட்டுப் பக்கம். நடுவில் ஒரு மதில். அந்த மதிலில்தான் வெள்ளைக் கொக்கு தினமும் வந்து நிற்கும், முகம் ராத்தா பக்கம், முதுகு என் பக்கம்.

ராத்தாவின் புருஷன், என் மச்சான், தோணாவில் வலை வீசிக் கொண்டுவரும் மணலை மீனை அவள் குசினிக்குப் பின்னால் குந்தியிருந்து வெட்டுவாள். "வாங்க மாப்புள" என்று கொக்கைக் கூப்பிட்டு, ஒரு குஞ்சு மீனைத் தூக்கிப் போடுவாள். அது எட்டிப் பிடிக்கும். அவள் சிரிப்பாள். காலை விடிந்தால் மதிலுக்கு அந்தப் பக்கம் இந்தக் கொஞ்சல்தான்.

நானும் சும்மா இருக்கவில்லை. சந்தையில் நல்ல கீரி மீனாகப் பார்த்து வாங்கி, என் பைப்படிக்குப் பக்கத்தில் வைத்தேன். ஊர்ப் பூனைகள் எல்லாம் வந்தன. கொக்கு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கல்யாணத்துக்குப் போல அழைப்புக் காட் அடித்துக் கொடுத்தால் வரும் என்று இவர் என்னைக் கிண்டலடித்தார். அன்றைக்கு அவருக்குத் தேத்தண்ணி கொஞ்சம் பிந்தித்தான் கிடைத்தது.

அந்த நாட்களில் கம்பஸில் படிக்கும் பிள்ளை ஒருத்தி, தோணாக்கரையில் விழுந்துகிடக்கும் இறகுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். படிப்புக்கு வேண்டுமாம். ராத்தா தன் பக்கம் உதிர்ந்ததையெல்லாம் கொடுத்தாள். பிள்ளை அவளையும் கொக்கையும் சேர்த்துப் படம் எடுத்தாள். நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மதிலடியில்தான் நின்றேன். என்னிடம் ஒரு இறகு கேட்க வேண்டுமே! கேட்டாலும் கொடுக்க ஒன்று இருந்தால்தானே.

சில மாதம் கழித்து அவள் திரும்பி வந்தாள். இறகில் ஈயம் இருக்கிறது என்றாள். தோணாவின் மேல்பக்கம் பழைய பற்றரி உடைக்கும் இடம் ஒன்று இருந்தது. கழுவுகிற தண்ணீர் நேரே தோணாவுக்குத்தான் வரும். அது சேற்றில் படிந்து, சேற்றை மேயும் மணலைக்குள் போய், மணலையைத் தின்னும் கொக்குக்குள் சேருமாம். நாங்களும் அந்த மீனைக் குறைத்துக்கொள்வது நல்லது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ராத்தாவுக்கு முகம் செத்துவிட்டது. எனக்கோ வாய் சும்மா கிடக்கவில்லை.

"நான் வச்சது கடல் மீன். ஈயத்தக் குடுத்தது நீதான்," என்றேன்.

மறுநாள் மச்சானின் வலை கூரைக்கடியில் ஏறிவிட்டது. அவளும் சந்தைக்குப் போய்க் கீரி வாங்கினாள். என் பக்கம் கண்டும் காணாமல் விட்ட அதே கீரியை, அவள் போட்டதும் கொக்கு லபக்கென்று விழுங்கியது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

ஆனால் அது நாள் முழுக்க மேய்வது தோணாவில்தானே. ராத்தா போடும் இரண்டு கீரி எந்த மூலைக்கு? வரவர அதற்கு இறக்கை தொங்கிப்போனது. போட்ட மீனைப் பிடிக்கத் தவறியது. ராத்தா மீனை மதில் மேலேயே வைக்கத் தொடங்கினாள்.

ஒரு காலை, நான் பைப்படியில் நின்றிருந்தேன். கொக்கு தோணாப் பக்கமிருந்து தாழப் பறந்து வந்தது. மதிலைப் பிடிக்கப் பார்த்தது, கால் தரிக்கவில்லை. சரிந்து என் காலடியில் விழுந்தது. யா அல்லாஹ், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். ஓடிப்போய் ஒரு கீரியை எடுத்து நீட்டினேன். சொண்டைத் திறந்தது, மீன் நழுவி விழுந்தது. அதைக் கையில் தூக்கினேன். இவ்வளவு பெரிய பறவைக்குப் பாரமே இல்லை. அந்த நேரம் பார்த்து மதிலுக்கு அப்பால் ராத்தா, "வாங்க மாப்புள" என்றாள். என் கையில் இருந்தபடியே அது கழுத்தை அந்தப் பக்கம் திருப்பியது. அப்போதும் எனக்கு எரிந்தது.

கொண்டுபோய் அவள் மடியில் வைத்தேன். நடுப்பகல் லுஹர் பாங்குக்கு முன்னமே அது முடிந்துவிட்டது. முந்தானையால் அதை மூடிவிட்டு ராத்தா கேட்டாள்.

"கொக்கு எங்க புள்ள நிண்ட?"

"என்ட பைப்படியில."

அவள் முந்தானையை இன்னும் கொஞ்சம் இழுத்துப் போர்த்தினாள்.

"அவ்வளவு நாளும் சோறு போட்டது நான். கடைசில உன்னட்டத்தானே போயிரிக்கி."

அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். இத்தனை நாளும் என் வயிற்றுக்குள் கிடந்த குரல் அது. உன் மதிலுக்குத்தான் வந்தது, பிடிக்க முடியாமல் விழுந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுக்கு ஆறியிருக்கும்.

"ஓம் ராத்தா," என்றேன்.