மாமன் வீட்டு மானிட்டர்

பிஷ்கெக்கில் தையல் மிஷின் ஓடாத தெரு கிடையாது. மிஷின் ஓட வேண்டுமென்றால் துணியை வெட்ட வேண்டும், துணியை வெட்ட வேண்டுமென்றால் யாராவது ஒருவர் பேட்டர்ன் வரைந்து தர வேண்டும். கைக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று, காலருக்கு ஒன்று என்று கம்ப்யூட்டரில் வரைந்து தருகிற அந்த வேலையைத்தான் தொல்குன் வீட்டிலிருந்தபடி செய்துகொண்டிருந்தாள். நல்லவள்தான். உழைப்பாளி. புருஷன் மெலிஸ் டாக்சி ஓட்டுகிறவன், அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு குடும்பத்தைக் கரையேற்றியவள். ஒரே ஒரு கோளாறு. தாய்மாமன் மகள் ஜிபெக்குக்கு ஒரு நல்லது நடந்தால் அன்றைக்கு இவளுக்குச் சாப்பாடு இறங்காது.

சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஜிபெக்குக்குச் சடை நீளம் என்று பொறாமை. அவளுக்குக் கல்யாணமானபோது மாப்பிள்ளை உயரம் என்று பொறாமை. அந்த உயரக்காரன் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனவன் அங்கேயே இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான். ஜிபெக் அழுதுகொண்டு அப்பா வீட்டுக்குத் திரும்பினாள். அப்போதாவது இவளுக்கு மனசு இரங்கியதா? "பாரு, மாமியார் தொல்லை இல்லாம அப்பன் வீட்டுல ராணி மாதிரி இருக்கா" என்று அதற்கும் வயிறு எரிந்தாள். இந்த மனுஷியை என்ன செய்ய!

திரும்பி வந்த ஜிபெக்கும் பேட்டர்ன் வேலைக்கே வந்தாள். வேறு வேலையே இல்லையா ஊரில் என்று தொல்குன் கேட்டாள். நியாயமான கேள்விதான், ஆனால் இவளிடம் அனுமதி வாங்கவா முடியும்?

அந்த வருஷம் இலையுதிர் காலத்தில், பட்டறை வைத்திருக்கும் ரஹாத் அக்கா இரண்டு பேரையும் கூப்பிட்டு விட்டாள். "குளிர்காலக் கோட்டு வேலை முழுக்க இந்தத் தடவை ஒரே கையிலதான் குடுக்கப்போறேன். குல்லா வச்ச கோட்டு ஒண்ணு வரைஞ்சு, தச்சு எடுத்துட்டு வாங்க. யாருது நல்லா உக்காருதோ அவளுக்கு வேலை" என்றாள். ஒரு குளிர்காலம் முழுக்க வேலை என்றால் சும்மாவா? தொல்குன் அதை வாங்கியே தீருவது என்று நெஞ்சில் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

அவளுக்கு ஒரு குறை இருந்தது. அவளுடைய மானிட்டர் சதுரமான பழைய சனியன். கை தெரிந்தால் முதுகு தெரியாது, முதுகு தெரிந்தால் குல்லா தெரியாது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் கை மாறின கம்ப்யூட்டர் சாமான் விற்கிற சந்தை இருக்கிறது. கொரியாவில் ஆபீசுகள் கழித்துக் கட்டுகிற மானிட்டரெல்லாம் அங்கேதான் வந்து குவியும். அங்கே அஸ்காத் என்பவன் கடையில் ஒரு அகலத்திரையை அவள் முன்பே பார்த்து வைத்திருந்தாள். சும்மா பார்க்கவில்லை. வெள்ளைத் திரை போடச் சொல்லி மஞ்சள் கறை உண்டா என்று பார்த்தாள். கறுப்புத் திரை போடச் சொல்லி ஓரத்தில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்தாள். பொட்டுக் குறை இல்லை. அதனால் காலைப் பிடித்துக்கொண்டாள். மானிட்டரின் காலைத்தான் சொல்கிறேன், லேசாக ஆடியது.

"கால் ஆடுது. ஐந்நூறு சோம் குறைச்சுக்கோ."

"அக்கா, கால் ஆடினா என்ன, நீங்க அதுல ஏறி நின்னுக்கிட்டா வரையப் போறீங்க?"

"அப்ப நீயே வச்சுக்கோ."

சந்தையில் விலகி நடந்தால் கடைக்காரன் பின்னாலிருந்து கூப்பிடுவான். அதுதான் வழக்கம். தொல்குன் மெதுவாகத்தான் நடந்தாள். அவன் கூப்பிடவில்லை. அடுத்த ஞாயிறும் போனாள், அதே கால், அதே பேரம், அதே நடை. ரஹாத் அக்கா சொன்னபிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, சரி, சொன்ன விலைக்கே வாங்கிவிடுவோம் என்று படியேறினால், எதிரே அதே அகலத்திரையைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு ஜிபெக் இறங்கி வருகிறாள்!

"அக்கா! இது எப்படி இருக்கு பாரு. என் பழசை அவன்கிட்டயே குடுத்துட்டு மீதியைப் போட்டு வாங்கிட்டேன். கால் கொஞ்சம் ஆடுது, ஆடிட்டுப் போகுது."

தொல்குன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "நல்லா இருக்குடி" என்று சொன்னாள். எப்படித்தான் அந்த இரண்டு வார்த்தை வெளியே வந்ததோ. வீட்டுக்கு வந்து மெலிஸிடம் பொரிந்து தள்ளினாள். "நான் பாத்து வச்சது! மூணு வாரமா நான் பேரம் பேசினது!"

"பேசிக்கிட்டே இருந்தா? வாங்கினவ வாங்கிட்டா. விடு" என்றான் மெலிஸ். விடுகிற ஜாதியா இவள்?

கிர்கிஸ்காரர்களிடம் ஒரு முறை உண்டு. அக்கா தங்கை வயிற்றில் பிறந்த பிள்ளை வந்து வாய்விட்டு ஒன்றைக் கேட்டால் தாய்மாமன் இல்லை என்று சொல்லக் கூடாது. சொன்னால் அந்த வீட்டுக்கு ஆகாது. அந்தப் பிள்ளைமேல் கை ஓங்கினால் கை நடுங்கிப்போகும் என்பார்கள். 'சகோதரி பிள்ளை வருவதற்குப் பதில் ஏழு ஓநாய் வரலாம்' என்று பழமொழியே இருக்கிறது. முன்னே குதிரை கேட்டார்கள், ஆடு கேட்டார்கள். இப்போது யாரும் எதையும் கேட்பதில்லை, சும்மா கேலி பேசுவதோடு சரி. தொல்குன்தான் நிஜமாகவே கிளம்பினாள்.

மாமா தாஷ்தானுக்கு அவளைக் கண்டதும் சந்தோஷம். ஜிபெக் போர்சோக் மாவுருண்டை பொரித்து வைத்தாள், கிண்ணத்தில் தேநீர் ஊற்றினாள். தொல்குன் நன்றாகத் தின்றாள், குடித்தாள். பிறகு போதும் என்று கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"மாமா, நான் உங்க கூடப்பொறந்தவ மக. இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல. இன்னைக்குக் கேக்குறேன்."

மாமா சிரித்தார். "வந்துட்டியா ஓநாயே! கேளும்மா. ஆடு வேணுமா, ரெண்டு கோழி வேணுமா?"

"அந்த மானிட்டர் வேணும்."

மாமாவின் சிரிப்பு நின்றது. "அது என்னுது இல்லையேம்மா. ஜிபெக் வாங்கினது."

"உங்க கூரைக்கு அடியிலதானே இருக்கு?"

கிழவர் மகளைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது, 'இல்லை' என்ற சொல் மட்டும் வரவில்லை. எழுபது வருஷமாக நம்பி வந்ததை ஒரு மானிட்டருக்காக மீற அவரால் முடியவில்லை. "எடுத்துக்கோம்மா" என்றார்.

ஜிபெக் முகம் வெளுத்துவிட்டது. "ஊரான் வீட்டு நெய்யே எம் பொண்டாட்டி கையேன்னு தூக்கிக் குடுத்துட்டீங்களேப்பா! பழசையும் கடையில போட்டுட்டேன். நான் எதுல வரையுறது?" என்று கேட்டாள். அவளே எழுந்துபோய் ஒயரைப் பிடுங்கினாள், போர்வையில் சுற்றினாள், கொண்டுவந்து தொல்குன் மடியில் வைத்தாள். "கேபிளையும் கொண்டுபோ. இல்லன்னா நாளைக்கு அதுக்கு ஒரு தடவை வந்து நிப்ப."

தொல்குனுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் வெற்றி வெற்றிதானே. மெலிஸின் டாக்சியிலேயே ஏற்றிக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்தால் அவளுடைய பழைய சிபியு பெட்டியில் அந்தக் கேபிளுக்குத் துளையே இல்லை. மறுபடி அஸ்காத் கடை. மாற்றுச் சொருகி வாங்கினாள், படம் மங்கலாக வந்தது. கிராபிக்ஸ் கார்டு வாங்கினாள். இந்தத் தடவை பேரம் பேசவே இல்லை, அஸ்காத்தே கொஞ்சம் பயந்துபோனான். கடைசியில் திரை பளிச்சென்று விரிந்தபோது, முழுக் கோட்டும் ஒரே பார்வையில் தெரிந்தபோது, அடடா! கை, முதுகு, குல்லா எல்லாம் பக்கத்தில் பக்கத்தில். கோடு கோடாக இழைத்தாள். தைத்துத் தையல் பொம்மைக்கு மாட்டினால் அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது. ஜிபெக் இனி எங்கே வரையப்போகிறாள், வேலை நம்முடையதுதான் என்று நிம்மதியாகத் தூங்கினாள்.

சொன்ன நாளில் ஜிபெக்கும் ஒரு கோட்டோடு வந்துவிட்டாள். தொல்குன் திடுக்கிட்டாள்.

ரஹாத் அக்கா பட்டறைப் பெண் ஒருத்தியை நிறுத்தி முதலில் தொல்குனின் கோட்டை மாட்டினாள். "அழகு" என்றாள். தொல்குன் நிமிர்ந்து நின்றாள். "இப்ப ரோட்டைக் கடக்குற மாதிரி ரெண்டு பக்கமும் பாரும்மா" என்றாள் ரஹாத் அக்கா. அந்தப் பெண் தலையைத் திருப்பினாள். குல்லா திரும்பவில்லை. ஒரு கண் முழுக்கக் குல்லாவுக்குள் போய்விட்டது. இந்தப் பக்கம் திரும்பினால் இந்தக் கண். பட்டறையில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஜிபெக்கின் கோட்டை மாட்டினார்கள். தலையோடு குல்லாவும் திரும்பியது.

"இதுதான் கோட்டு. வேலை உனக்கு" என்றாள் ரஹாத் அக்கா. "எப்படிடி கழுத்து வளைவை இவ்வளவு சரியாப் பிடிச்ச?"

"முதல்ல நானும் அக்கா மாதிரிதான் வரைஞ்சிருந்தேன்" என்றாள் ஜிபெக். "திரையில எல்லாம் சரியாத்தான் தெரிஞ்சது. அப்புறம் திரை இல்லாமப் போச்சு. சுவத்துல ஒட்டுற காகிதச் சுருள் வீட்டுல மீதி கிடந்துச்சு, அதைத் தரையில விரிச்சுப் பென்சில்லயே போட்டேன். பென்சில்ல போட்டது சரியா வருமான்னு சந்தேகம். பொம்மை வேற இல்லையா, தச்சு எங்கப்பா தலையில மாட்டினேன். வாசல்ல யாரோ கூப்பிட்டாங்கன்னு அவர் திரும்பினாரு, கண்ணு மறைஞ்சு போய்க் கதவுல முட்டிக்கிட்டாரு. அப்பத்தான் தப்பு தெரிஞ்சுது."

எல்லாரும் சிரித்தார்கள். ஜிபெக் தொல்குனிடம் வந்து கன்னத்தில் முத்தமிட்டாள். "கோவமாத்தான் இருந்தேன்க்கா. பொய் சொல்ல மாட்டேன். ஆனா நீ அதை எடுத்துட்டுப் போகலைன்னா நான் அந்தத் தப்பான கோட்டோடதான் இங்க வந்திருப்பேன். நல்லா இரு."

திட்டியிருந்தால் தொல்குன் தாங்கியிருப்பாள். ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல் திருப்பிக் கொடுத்திருப்பாள். இதற்கு என்ன கொடுப்பது?

வெளியே மெலிஸ் டாக்சியில் காத்திருந்தான். ஏறி உட்கார்ந்தாள். கோட்டை மடியில் போட்டுக்கொண்டாள்.

"யாருக்குக் கிடைச்சது?" என்றான்.

"ஜிபெக்குக்கு."

"அவகிட்டதான் வரைய ஒண்ணுமே இல்லையே. யாரு அவளுக்குக் கை குடுத்தது?"

தொல்குன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நான்தான்" என்றாள்.